சுருட்டுப் பெட்டிக் கிடார்: கேளுங்கள், சொல்கிறேன்

காலிச் சுருட்டுப் பெட்டியையே உடலாக வைத்து, கழுத்து சேர்த்து, மூன்று கம்பி கட்டினால் அது பெட்டிக் கிடார். கடலூரில் இதுவரை 11 செய்திருக்கிறேன். ஆம்ப் (ஒலிபெருக்கி) எதுவும் இல்லாமல் பெட்டியிலிருந்தே நல்ல சத்தம் வர வேண்டும், அதுதான் என் அக்கறை. அதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

முதலியார்பேட்டை வாசகர்: பிரான்சிலிருந்து வந்த மாமா இரண்டு சுருட்டுப் பெட்டி கொடுத்தார். ஒன்று மரம், ஒன்று அட்டை. எது நல்லது?

மரம். மூடியை விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டம்ம்’ என்று சத்தம் கொஞ்ச நேரம் நீடித்தால் நல்ல பெட்டி. மூடி 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் உள்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெலிதாக்கலாம்.

நெல்லிக்குப்பம் வாசகர்: கழுத்தைப் பெட்டியோடு எப்படிச் சேர்ப்பது?

தம்பி, எல்லாமே இதில்தான் இருக்கிறது. கழுத்து ஒரே கட்டையாக, தலையில் தொடங்கி பெட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குல கனம் போதும். பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடையில் தேக்குச் சட்டம் கிடைக்கும். நன்றாகக் காய்ந்திருக்கும், வளையாது. மூன்று கம்பியும் சேர்ந்து 30 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பு முழுவதையும் கட்டையே தாங்கிக்கொள்வதால்தான் மூடி மெலிதாக இருக்க முடிகிறது.

ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பகுதியில் கழுத்து மூடியைத் தொடக் கூடாது. மூடியின் கனத்தோடு இன்னும் 3 மில்லிமீட்டர் சேர்த்து அங்கே செதுக்கி எடுத்துவிடுங்கள். என் இரண்டாவது கிடாரில் கழுத்தை மூடியோடு ஒட்டிவிட்டேன். பலகையைத் தட்டுவது போலத்தான் கேட்டது. கத்தியால் பிரித்து, செதுக்கி, மறுபடி மூடினேன். திண்ணையில் வாசித்தால் தெருவில் கேட்டது.

மூடி மேல் நின்று கம்பிகளைத் தாங்கும் குதிரையையும் ஒட்ட வேண்டாம். கம்பியின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் மூடி விறைப்பாக இருக்கும். அதனால் வால் பக்கத்திலிருந்து பெட்டி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வையுங்கள்.

வில்லியனூர் வாசகர்: கழுத்தின் குறுக்கே பதிக்கும் மெட்டுகளுக்குக் கணக்கு?

தலைப்பக்கம் கம்பிகள் ஏறி வரும் சின்னக் கட்டையிலிருந்து குதிரை வரை 610 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 17.817 ஆல் வகுத்தால் 34.2. முதல் மெட்டு அங்கே. மீதி நீளத்தை மறுபடி 17.817 ஆல் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் 12வது மெட்டு சரியாக 305இல், அதாவது பாதியில், விழ வேண்டும். விழாவிட்டால் கணக்கில் பிழை.

கடலூர் முதுநகர் வாசகர்: என்ன கம்பி, எந்தச் சுருதி?

சாதாரணக் கிடார் செட்டில் 5, 4, 3 ஆம் கம்பிகள். ஜி, டி, ஜி. நம் கணக்கில் ச, ப, மேல் ச. தம்புராவில் பழகிய காதுக்கு உடனே பிடித்துவிடும்.

பண்ருட்டி வாசகர்: எங்கள் ஊரில் பலாவுக்குப் பஞ்சமில்லை. வீணையே பலாவில்தான் செய்கிறார்கள். மூடியையும் பலாவில் போட்டால் நாதம் வராதா?

ஐயா, வீணையின் நாதத்துக்கு மரம் மட்டும் காரணமல்ல. அதன் குதிரை மேல் அகலமான உலோகத் தகடு இருக்கிறது. கம்பி அதில் உரசி உரசித்தான் அந்த ரீங்காரம் எழுகிறது. அடியில் பெரிய குடம் இருக்கிறது. நம் பெட்டியில் இந்த இரண்டும் இல்லை.

அரியாங்குப்பம் வாசகர்: பண்ருட்டிக்காரர் சொல்வதே சரி. ஏகாண்ட வீணையை ஒரே பலாக் கட்டையில் ஏன் குடைகிறார்கள்? மரத்துக்கு மதிப்பு இருப்பதால்தானே?

மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. பலா நன்றாகக் குடையக் கொடுக்கும், நாள்பட உழைக்கும், ஒலிக்கவும் செய்யும். நான் கேட்பது, எந்தக் கனத்தில் என்பதுதான். சின்னப் பெட்டியில் 6 மில்லிமீட்டர் பலா மூடி வாயைத் திறக்காது.

பண்ருட்டி வாசகர்: 3 மில்லிமீட்டருக்கு இழைத்துத் தருகிறேன். அப்போது?

அப்போது பேச்சே வேறு! செய்யுங்கள். அதே பெட்டியில் ஒருநாள் பிளைவுட் மூடி, ஒருநாள் பலா மூடி. கம்பியும் குதிரையும் மாறக் கூடாது. எது வென்றாலும் எனக்கு எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

உப்பளம் வாசகர்: கழுத்தை மூடியோடு ஒட்டினால் பலமாக இருக்குமே?

மேலே நெல்லிக்குப்பம் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். ஒட்டக் கூடாது.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் எப்படிப் பொருத்துவது?

அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆம்ப் பழுது பார்ப்பவரைக் கேளுங்கள்.

லாஸ்பேட்டை வாசகர்: வார்னிஷ் எத்தனை கோட்டிங்? கழுத்து அசையாமல் இருக்க மூடியில் ஒரு ஆணி அடிக்கலாமா?

ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். கழுத்து மூடியைத் தொடக் கூடாது, மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். வார்னிஷ் மூடிக்கு ஒரு மெல்லிய பூச்சு போதும். தடித்தால் சத்தத்தை அமுக்கிவிடும்.

பாகூர் வாசகர்: ஐப்பசி மழையில் வேலையைத் தொடங்கலாமா?

ரம்ப வேலை செய்யலாம். ஒட்டுவதைத் தைக்குத் தள்ளிப் போடுங்கள். ஈரத்தில் உப்பிய மரத்தை ஒட்டினால், காயும்போது இணைப்பு விட்டுவிடும்.

கடலூர் வாசகி: தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எடுத்துப் போய் வாசிக்கலாமா?

தாராளமாக, அம்மா. வீட்டுக்கு வந்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உப்புக் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும்.