ஏற்காட்டில் இருக்கிறேன். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாமலே சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், நாள் கடத்தாமல் இருந்தால். திங்கட்கிழமை மலையிறங்கிச் சேலம் கிளையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இப்போதே வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். அப்புறம் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் பேசுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் செய்த வேலை என்றால், பணம் போனதாக வங்கியின் குறுஞ்செய்தி வந்த நாளை விட்டு 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் வங்கி தொகையை வரவு வைக்க வேண்டும். 4 முதல் 7 வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம்.

“நீங்கதான் ஓ.டி.பி. கொடுத்திருப்பீங்க” என்று கவுண்டரில் சொன்னால் அசராதீர்கள் (சொல்வார்கள்), நிரூபிக்க வேண்டியது வங்கிதான். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.