நிறுத்தினால் ரீபூட் ஆகிறது, தொங்கினால் ஆகவில்லை: வாட்ச்டாக் கோளாறு

கேள்வி: ராஸ்பெர்ரி பையில் (சின்ன லினக்ஸ் கணினி) தொட்டி மோட்டாரை இயக்கும் சி புரோகிராம் ஓடுகிறது. வாட்ச்டாக் என்பது குறித்த நேரத்துக்குள் பிங் (உயிரோடு இருக்கிறேன் என்ற தகவல்) வராவிட்டால் பையை ரீபூட் செய்யும் டைமர். அதன் '/டெவ்/வாட்ச்டாக்' ஃபைலைத் திறந்து, தனி த்ரெட்டில் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் பகுதி) 5 விநாடிக்கு ஒருமுறை பிங் கொடுக்கிறேன். கண்ட்ரோல்-சி அடித்தால் பை ரீபூட் ஆகிவிடுகிறது. சென்சாரைப் படிக்கும்போது புரோகிராம் தொங்கினால் மட்டும் ஆவதில்லை. ஏன்?

பதில்: தொங்கும்போது ரீபூட் ஆகாததுதான் ஆபத்தானது. மெயின் லூப் சீரியல் போர்ட்டின் ரீடில் மாட்டிக்கொண்டாலும் பிங் த்ரெட் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) தெரிவது பிங் வந்ததா, இல்லையா என்பது மட்டும்தான். அந்த த்ரெட்டை எடுத்துவிடுங்கள். ரீடுக்கு முன், டேட்டா வந்ததா என்று பார்க்கும் 'போல்' (poll) அழைப்பில் 3 விநாடி டைம்அவுட் வையுங்கள். சென்சார் மதிப்பு வந்து, ரிலேயும் (மோட்டாரை இயக்கும் சுவிட்ச்) சரிபார்த்த பிறகு, லூப்பின் கடைசி வரியில் மட்டும் பிங் கொடுங்கள்.

கண்ட்ரோல்-சி விஷயம் கோளாறே அல்ல. ஃபைலைத் திறந்ததுமே டைமர் ஓடத் தொடங்கும். சும்மா மூடினால் நிற்காது. 'வாட்ச்டாக் டிட் நாட் ஸ்டாப்' என்று டிமெசேஜில் (கர்னல் பதிவு) வரும். மூடுமுன் கடைசியாகப் பெரிய 'வி' எழுத்தை எழுத வேண்டும். அதன்பின் வேறு எதையும் எழுதினால் அது செல்லாது. சிக்-இன்ட், சிக்-டெர்ம் சிக்னல்கள் வந்து முறையாக வெளியேறும் பாதையில் மட்டும் இதைச் செய்யுங்கள். செக்ஃபால்ட்டில் (நினைவகப் பிழையால் புரோகிராம் விழுவது) செய்யாதீர்கள், அங்கே ரீபூட்தான் நமக்கு வேண்டும். 'நோவேஅவுட்' (தொடங்கிய வாட்ச்டாக்கை நிறுத்த விடாத அமைப்பு) இயக்கப்பட்ட கர்னலில் 'வி'யும் எடுபடாது.

டைமரின் நேரத்தை அமைக்கும் செட்-டைம்அவுட் ஐஓசிடிஎல் அழைப்பில் 60 விநாடி கொடுத்து அப்படியே நம்பிவிடக் கூடாது. பையின் ஹார்ட்வேர் டைமர் சுமார் 16 விநாடிக்கு மேல் எண்ணாது. பழைய கர்னல் 15-க்கு மேல் கேட்டால் மறுக்கும். புதியது இடையில் தானே பிங் கொடுத்து நீட்டும். கிடைத்த மதிப்பு அதே வேரியபிளில் திரும்ப வரும், படித்துப் பாருங்கள்.

திறக்கும்போது 'பிஸி' பிழை வந்தால், பெரும்பாலும் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் புரோகிராம்) வாட்ச்டாக் ஃபைலைப் பிடித்து வைத்திருக்கும். அப்போது சண்டை போடாமல், சர்வீஸ் ஃபைலில் 'வாட்ச்டாக்செக்' (பிங்குக்கான கால வரம்பு) வைத்து எஸ்டி-நோட்டிஃபை அழைப்பு மூலம் சிஸ்டம்டிக்கே பிங் கொடுங்கள். 'ரீஸ்டார்ட்' வரியில் 'ஆன்-ஃபெயிலியர்' போட்டால், தொங்கும்போது புரோகிராம் மட்டும் மறுபடி தொடங்கும். உங்கள் வேலைக்கு இதுவே மேல்.

சோதிக்க, புரோகிராமை உறைய வைக்கும் 'கில் -ஸ்டாப்' அனுப்புங்கள். வாட்ச்டாக் ஃபைலை நேரடியாகப் பயன்படுத்தினால் குறித்த நேரத்துக்குள் ரீபூட் ஆக வேண்டும், சிஸ்டம்டி வழியென்றால் புரோகிராம் மட்டும் மறுபடி தொடங்க வேண்டும். ரீபூட்டின்போது மோட்டாரையும் கவனியுங்கள். ரீசெட்டில் ஜிபிஐஓ (பையின் இணைப்பு முனைகள்) 9 முதல் 27 வரை உள் புல்-டவுனோடு (முனையை 0 வோல்ட் பக்கம் இழுக்கும் மின்தடை) இன்புட்டாகிவிடும். ஆக்டிவ்-லோ (0 வோல்ட்டில் இயங்கும்) ரிலே போர்டு என்றால் அந்த இடைவெளியில் மோட்டார் ஓடக்கூடும். ரிலேயை இயக்கும் ஜிபிஐஓ முனையிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோஓம் புல்-அப் மின்தடை ஒன்று போட்டுவிடுங்கள்.