படைவீரர் கேள்வி பதில்

கேள்வி: 2022இல் ஓய்வுபெற்ற ஹவில்தார் நான். ரத்த அழுத்தத்துக்கு மருத்துவ வாரியம் 30 சதவீத ஊனம் என்று போட்டுவிட்டு, 'பணியால் வந்ததல்ல' என்று டிஸபிலிட்டி பென்ஷனை (ஊன ஓய்வூதியத்தை) மறுத்துக் கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்யலாம்? - வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சதவீதத்தில் சிக்கலில்லை, 20 இருந்தாலே போதும். வழக்கு 'காரணம்' பற்றியது. கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். அதற்குமுன் உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் மருத்துவ வாரிய அறிக்கையின் நகலைக் கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாமல் எழுதும் மனு வெறும் கெஞ்சலாகத்தான் இருக்கும். சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பதிவில் இந்த நோய் இல்லையென்றால், உச்ச நீதிமன்றத்தின் 2013 தரம்வீர் சிங் தீர்ப்பைக் காட்டுங்கள். அதன்படி, நோய் பணியால் வரவில்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. எல்லைப்பகுதிப் பணிக்காலங்களைத் தேதியோடு எழுதுங்கள். திருநெல்வேலி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். முதல் மேல்முறையீட்டை மறுத்தால் இரண்டாம் மேல்முறையீடு, அடுத்து சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயம். ஜெயித்தால் 30 சதவீத ஊனத்தை 50 சதவீதமாக உயர்த்திப் பென்ஷனைக் கணக்கிடவும் கேளுங்கள்.