என் கையெழுத்து இல்லாமல் கலைக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் நிட்டிங் வேலையில் இருக்கிறேன், வயது 31. மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். சிசேரியனில் பிறந்த பெண் குழந்தைக்கு 11 மாதம் ஆகிறது, இன்னும் தாய்ப்பால்தான். மறுபடி கரு தங்கி 7 வாரம் இருக்கும் என்கிறாள். "இப்போ இன்னொண்ணு என்னால முடியாது" என்று கலைக்கச் சொல்கிறாள். எனக்கு மனமில்லை. அடுத்தது பையனாகப் பிறக்கும் என்கிறார் அம்மா. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் கையெழுத்தைக் கேட்டார்கள். போடாமல் கூட்டி வந்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. அப்பனுக்கு உரிமையே கிடையாதா?

– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அந்தக் கையெழுத்தை உங்களிடம் கேட்டிருக்கவே கூடாது. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி சம்மதம் தர வேண்டியவர் கருவுற்ற பெண் ஒருவர்தான். 18 வயது நிரம்பாதவர், மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றால் மட்டுமே பாதுகாவலர் கையெழுத்து. இதற்கென உள்ள 'படிவம் சி'யில் கணவரின் கையெழுத்துக்கு இடமே கிடையாது. பின்னால் வம்பு வரக்கூடாது என்று பல ஆஸ்பத்திரிகள் தாங்களாகவே ஒரு தாளை நீட்டுகின்றன. குடும்பத்தாரின் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக்கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதற்காக, உங்கள் மனைவி கேட்டதுமே கலைத்துவிட முடியும் என்றும் பொருளில்லை. பிள்ளைப்பேறு அவருடைய உடலையோ மனதையோ கெடுக்கும் என ஒரு டாக்டர் கருத வேண்டும், அவருடைய வீட்டு நிலைமையையும் அதில் கணக்கில் எடுக்கலாம். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும்.

உங்களைப் போலவே கையெழுத்துப் போட மறுத்த ஒரு கணவர், தன்னைக் கேட்காமல் கலைத்துவிட்டார்கள் என்று மனைவி மீதும் டாக்டர்கள் மீதும் 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, 2017-இல் உச்ச நீதிமன்றமும் தள்ளிவிட்டது. மனைவி தன்னிச்சையாகக் கலைத்தது விவாகரத்துக்குக் காரணமாகும் என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். 2007-இல் ஒரு தீர்ப்பில், மருத்துவக் காரணமோ கணவரின் சம்மதமோ இல்லாமல் கலைப்பது மனக்கொடுமை ஆகக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் ஓர் உதாரணமாகச் சொன்னது உண்மைதான். ஆனால் அது விவாகரத்து வழக்கில் பேசப்பட்டது. கலைப்பதைத் தடுக்கும் அதிகாரத்தை அது யாருக்கும் கொடுக்கவில்லை.

இது மறுபக்கமும் அப்படித்தான். மனைவி பெற விரும்பி கணவன் வேண்டாம் என்றாலும் அவன் பேச்சு செல்லாது. அவள் சம்மதமில்லாமல் கலைக்க வைத்தால், சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுத்தாலும் சரி, பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகும். பிறந்த குழந்தைக்கு ஜீவனாம்சம் தரும் பொறுப்பும், 'நான் வேண்டாம் என்றுதானே சொன்னேன்' என்பதால் நீங்காது.

தடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. பேசும் உரிமை உண்டு, அதை இதுவரை நீங்கள் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. மனைவி ஏன் முடியாது என்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லையே. தூக்கமா, தையல் போட்ட இடத்து வலியா, வேலை போய்விடும் என்ற பயமா? அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேளுங்கள். உங்கள் ஆசையையும் ஒருமுறை சொல்லுங்கள். ஒருமுறைதான், தினமும் சொன்னால் அது நச்சரிப்பு. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் ஆன கர்ப்பப்பைக்கு இது இன்னும் முக்கியம். ஆக, அவர் சொல்வதில் மருத்துவ நியாயமும் இருக்கிறது. (பையன் கணக்கை இதில் கொண்டுவராதீர்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பது குற்றம், கேட்பவருக்கும் தண்டனை உண்டு.)

மௌனத்தில் கழியும் ஒவ்வொரு வாரமும் அவர் உடம்புக்குத்தான் கேடு. மாத்திரையால் கலைக்க சட்டம் அனுமதிப்பது 9 வாரம் வரை, அதாவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 63 நாள். எழுதும்போது 7 வாரம் என்றால், இதைப் படிக்கும்போது அந்தக் கெடு தாண்டியிருக்கவும் கூடும். அதன்பின் 12 வாரம் வரை கருவை உறிஞ்சி எடுக்கும் முறை உண்டு. அதற்கு மேல் போனால் சிக்கலும் செலவும் கூடும்.

முதலில் ஸ்கேன். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு ஒழுங்காக வராது என்பதால் அவர் சொல்லும் 7 வாரம் உண்மையில் 10-ஆகவும் இருக்கலாம். இன்னொரு காரணம் சிசேரியன் தழும்பு. கரு அந்தத் தழும்பிலேயே ஒட்டியிருந்தாலோ கருக்குழாயில் தங்கியிருந்தாலோ, மாத்திரை போடுவது உயிருக்கே ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் கருக்கலைப்பு மாத்திரை கிட் வாங்கி வீட்டிலேயே முடித்துக்கொள்ளப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சீட்டு இல்லாமல் அதை விற்கவும் கூடாது.

டாக்டர் மாத்திரைதான் என்று முடிவு செய்தால், முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று. 24 முதல் 48 மணி நேரம் கழித்து மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை 4. இரண்டாவது போட்ட சில மணி நேரத்தில் வயிற்றுப் பிடிப்பும் கட்டிகட்டியான உதிரப்போக்கும் வரும். அன்றைக்கு நீங்கள் லீவு போடுங்கள், குழந்தை உங்கள் இடுப்பில் இருக்கட்டும். பெரிய நாப்கின் மணிக்கு இரண்டு வீதம் தொடர்ந்து 2 மணி நேரம் முழுதாக நனைந்தால், மயக்கம் வந்தால், ஒரு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், ஒருபக்க வயிறு சுருட்டி வலித்தால் உடனே ஆஸ்பத்திரி, வண்டி இல்லையென்றால் 108. 24 மணி நேரமாகியும் உதிரமே படவில்லை என்றாலும் போக வேண்டும். உதிரம் நின்றுவிட்டது என்று 15-ஆம் நாள் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். உள்ளே மிச்சம் தங்கியிருப்பது அப்போதுதான் தெரியும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த கர்ப்பத்தில் சிக்கல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று அவர் பார்ப்பார். தாய்ப்பால் பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் மனைவிக்கு இஎஸ்ஐ பிடிக்கிறார்களா? சட்டப்படி செய்த கருக்கலைப்புக்கும் 6 வாரம் சம்பளத்துக்கு ஈடான பலன் கிடைக்க வழி உண்டு. டாக்டரின் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பலரும் வெளியே தெரியக்கூடாதென்று இதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த மாதவிலக்கு வருவதற்கு முன்பே மறுபடி கரு தங்கலாம். பால் கொடுத்தால் தங்காது என்பது முதல் 6 மாதத்துக்கு, அதுவும் தாய்ப்பால் மட்டும் கொடுத்து மாதவிலக்கும் திரும்பாதிருந்தால்தான். பிறகு ஒரு குழந்தை வேண்டுமென்றால் இப்போதைக்கு ஆணுறையோ காப்பர்-டியோ போதும். இருவருமே போதும் என்று நினைத்தால் உங்களுக்கு வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் இருக்கிறது. கத்தி வைக்காமல், இடத்தை மட்டும் மரக்கச் செய்து முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால் 3 மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உயிரணு அறவே இல்லை என்று வரும்வரை ஆணுறை போட்டே தீர வேண்டும்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை மனைவியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கலைத்துக்கொண்ட பெண்ணின் விவரத்தை டாக்டர் வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை. உங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 'டாக்டர் ஸ்கேனுக்கு வரச் சொன்னார்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் போதும் என்பது எங்கள் கருத்து.