இருபது வருடம் தாங்கும் வேலை எது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஏ.ஐ. படித்தால்தான் இனி சோறு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், ட்ரிபிள் இ, இவற்றில் எதை எடுத்தால் வேலை போகாது?
*– ஒரு தாயார், ஓமலூர்*

பிரிவின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். கணினித் துறையில் மேலே தெரிகிற கருவிகள் சீக்கிரம் செத்துப்போகும். ஒரு காலத்தில் இணையமெங்கும் அனிமேஷனும் வீடியோவும் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு நின்றுவிட்டது. அதை மட்டும் கற்றவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அடியில் கிடப்பவை அப்படிச் சாவதில்லை. 1970-களில் பிறந்த எஸ்.க்யூ.எல்.லும் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) சி மொழியும் இன்றும் ஓடுகின்றன. 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் மாறிக்கொண்ட டி.சி.பி./ஐ.பி. என்ற தகவல் பரிமாற்ற விதிகளின் மேல்தான் உங்கள் செல்போனும் பேசுகிறது.

ஆகவே ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் ஆகிய நான்கும் முழுத் தாள்களாக, லேபுடன் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏ.ஐ. என்று பெயர் வைத்த பிரிவு என்றால் லீனியர் அல்ஜீப்ராவும் நிகழ்தகவும் கூடுதலாக இருக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுப்பதால், ஒரே பெயருள்ள பிரிவு இரண்டு கல்லூரிகளில் ஒன்றாக இருக்காது.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ. இரண்டும் ஒரே கட்-ஆஃபில் கிடைத்தால் எங்கள் ஓட்டு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு. அரசுத் துறை அறிவிப்புகளில் பிரிவுகளைப் பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். புதுப் பெயருள்ள பட்டம் இணையானதுதான் என்று நிரூபிக்க அரசாணை தேடி அலைய நேரலாம். மகளுக்கு மோட்டார், சர்க்யூட் இவற்றில் கை போகிறது என்றால் ட்ரிபிள் இ-யைத் தயங்காமல் எடுங்கள். ஏனென்று அடுத்த பதிலில் தெரியும்.

கேள்வி: டிப்ளமோ ட்ரிபிள் இ முடித்து, மேச்சேரிப் பக்கம் ஓர் ஆலையில் காண்ட்ராக்டில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பி.எல்.சி. (மெஷின்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) கற்க ஆசை. பயிற்சி மையத்தில் ஐம்பதாயிரம் கேட்கிறார்கள். சேரலாமா? இந்த வேலை காலத்துக்கும் தாங்குமா?
*– ஒரு வாசகர், மேச்சேரி*

தாங்கும். ஓர் உற்பத்தி லைனை நிறுவினால் பதினைந்து, இருபது வருடம் அது ஓடும். அதிலுள்ள பி.எல்.சி.யை ஸ்பேர் கிடைக்காமல் போகும்வரை எவரும் மாற்றுவதில்லை. பழைய லேடரை (பி.எல்.சி. புரோகிராமை) படித்துப் புரிந்து, அதைப் புது கன்ட்ரோலருக்கு மாற்றத் தெரிந்தவருக்கு அதனாலேயே மவுசு. ஸ்டீல் ரோலிங் மில், சங்ககிரி சிமென்ட், மேட்டூர் கெமிக்கல், நூற்பாலை, ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஃபேக்டரி என்று எங்கே போனாலும் சென்சார், ஒயர், பி.எல்.சி., மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்தான். ஸ்டீல் படுத்தால் ஸ்பின்னிங்குக்கு நகரலாம். உங்களுக்கான பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது, இப்போதுள்ள காண்ட்ராக்டர் கையில் இல்லை.

பணம் கட்டுமுன் மூன்று மாதம் வீட்டிலேயே பழகுங்கள். 24 வோல்ட், 2.5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (டி.சி. தரும் பவர் சப்ளை) ஒன்று, எட்டு இன்புட் உள்ள சின்ன பி.எல்.சி. ஒன்று (பழையது போதும்), இரண்டு புஷ் பட்டன், ஒரு எமர்ஜென்சி ஸ்டாப், 24 வோல்ட் ரிலே நான்கு, மூன்று ஒயர் ப்ராக்ஸிமிட்டி சென்சார் ஒன்று, எம்.சி.பி. (ஓவர்லோடில் தானே விழும் சுவிட்ச்), டின் ரெயில் (இவற்றை மாட்டும் உலோகப் பட்டை), 0.75 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர். டெல்டா கம்பெனி பி.எல்.சி.க்கான மென்பொருள் இலவசம். சீமென்ஸின் பி.எல்.சி. மென்பொருளான டி.ஐ.ஏ. போர்ட்டலை 21 நாள் சோதனைக்கு இறக்கிக்கொள்ளலாம். கோடெசிஸ் என்ற மென்பொருள் என்றால் பி.எல்.சி.யே இல்லாமல் கணினியில் ஓட்டலாம்.

முதலில் ஹோல்டிங்குடன் (பட்டனை விட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும்படி) ஸ்டார்ட்–ஸ்டாப், அடுத்து மோட்டாரைக் குறைந்த கரண்டில் கிளப்பும் ஸ்டார் டெல்டா. ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் இழுத்தால் பேஸ் ஷார்ட் ஆகும். ஆகவே இன்டர்லாக்கை (ஒன்று இழுத்திருந்தால் மற்றதைத் தடுப்பது) புரோகிராமில் போட்டால் மட்டும் போதாது, கான்டாக்டர் ஒயரிங்கிலும் போட வேண்டும். பிறகு டேங்க் லெவல்.

இனி, எல்லோரும் சறுக்கும் இடங்கள். ஸ்டாப் பட்டன் என்.சி.யாகத்தான் (அமுக்காதபோது மூடியிருப்பது) இருக்க வேண்டும். என்.ஓ. (அமுக்கினால்தான் மூடுவது) போட்டு ஒயர் அறுந்துவிட்டால், பட்டனை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினாலும் மெஷின் நிற்காது. பட்டன் என்.சி. ஆன பிறகு லேடரில் அதற்கு என்.ஓ. கான்டாக்ட் போட வேண்டும். அங்கேயும் என்.சி. போட்டுவிட்டு "ஸ்டார்ட்டே ஆகலையே" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாத ஆளே இல்லை.

சென்சாரில் விளக்கு எரிகிறது, பி.எல்.சி. இன்புட் எரியவில்லை என்றால் பி.என்.பி. (24 வோல்ட் வெளியே தருவது), என்.பி.என். (0 வோல்ட்டுக்கு இழுப்பது) குழப்பம். இன்புட் காமனுக்கு 24 வோல்ட் போயிருக்கிறதா, 0 வோல்ட் போயிருக்கிறதா என்று பாருங்கள். பி.என்.பி. சென்சாருக்கு 0 வோல்ட் வேண்டும். டெல்டாவில் அந்த டெர்மினலுக்கு எஸ்/எஸ் என்று பெயர்.

அனலாக்கில் (லெவல் போல ஏறி இறங்கும் அளவு) 4 மில்லியாம்பியர்தான் பூஜ்யம், 12 பாதி, 20 முழுசு. ஏன் 0-வில் தொடங்கவில்லை? டேங்க் காலியா, ஒயர் அறுந்ததா என்று பிரித்துச் சொல்லத்தான். சீமென்ஸ் 1214சி என்ற பி.எல்.சி.யின் உடம்பிலேயே உள்ள அனலாக் இன்புட் 0–10 வோல்ட் மட்டுமே வாங்கும். 4–20 டிரான்ஸ்மிட்டரை அதில் மாட்ட வேண்டுமானால் இன்புட்டின் குறுக்கே 500 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். அப்போது 2 முதல் 10 வோல்ட் வரும், பி.எல்.சி. அதைப் படிக்கும் எண் 5530-லிருந்து 27648 வரை போகும். ஸ்கேலிங்கை (அந்த எண்ணைச் சதவீதமாக மாற்றுவது) 0-விலிருந்து போட்டால் காலி டேங்க் இருபது சதவீதம் காட்டும்.

ரீடிங் குதிக்கிறதா? வி.எஃப்.டி.யின் (மேலே சொன்ன டிரைவ்தான்) மோட்டார் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே டிரேயில் படுத்திருக்கும். பிரித்துப் போட்டு, சிக்னல் ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். வி.எஃப்.டி.யைத் திறக்குமுன் மெயினை அணைத்ததும் கை வைக்காதீர்கள். டி.சி. பஸ் கெப்பாசிட்டரில் உயிரைக் குடிக்கும் வோல்டேஜ் மிச்சமிருக்கும். டிரைவ் மீது எழுதியுள்ள நிமிடம்வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள்.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகும் மையத்தில் சேர விருப்பமென்றால், அங்கே போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேருக்கு ஒரு பி.எல்.சி.? காலி பேனலிலிருந்து நானே ஒயர் இழுப்பேனா? சிமுலேஷன் மட்டும்தான் என்றால் ஐம்பதாயிரம் தண்டம்.

காண்ட்ராக்ட் வேலை என்பதால் ஒன்று. பி.எஃப். மாதாமாதம் ஏறுகிறதா என்று யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) மூலம் பாருங்கள். வருடத்துக்கொரு முறை அனுபவக் கடிதம் எழுதி வாங்குங்கள். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அந்தக் காகிதம்தான் உதவும்.

கேள்வி: வயது 38. இன்சூரன்ஸ் ப்ராஜெக்டில் பன்னிரண்டு வருடம் மேனுவல் டெஸ்டிங். இனி ஏ.ஐ. பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு டேட்டா சயின்ஸ் படிக்கலாமா?
*– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி*

விடாதீர்கள். உங்கள் முதலீடு டெஸ்டிங் இல்லை, இன்சூரன்ஸ். பாலிசி வழங்கல், எண்டார்ஸ்மென்ட் (பாலிசித் திருத்தம்), கிரேஸ் பீரியட், சரண்டர், க்ளெய்ம் இவற்றில் எது எங்கே இடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டெஸ்ட் கேஸை ஏ.ஐ. எழுதிவிடும். அதில் எதிர்பார்க்கும் விடையே தப்பு என்று சொல்ல ஆள் வேண்டும்.

தினம் ஒரு மணி நேரம், முதல் இரண்டு மாதம் எஸ்.க்யூ.எல். ஜாயின், குரூப் பை, விண்டோ ஃபங்ஷன் வரை போங்கள். பிறகு போஸ்ட்மேன் என்ற கருவியில் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் தமக்குள் பேசும் வழி) சோதனை. 401 வந்தால் யாரென்று தெரியவில்லை, 403 வந்தால் தெரிகிறது ஆனால் அனுமதியில்லை. இந்த மாதிரி வேறுபாடுகள் நேர்முகத்தில் வரும். கடைசியாக, டெஸ்டைத் தானே ஓட்டும் பிளேரைட் அல்லது செலினியத்தில் ஒன்று. ரெக்கார்டரில் பதிவு செய்த ஸ்கிரிப்ட் ஸ்கிரீனில் ஒரு டப்பா நகர்ந்தாலே உடையும், நீளமான எக்ஸ்பாத்தை (பக்கத்தில் அந்த டப்பா இருக்கும் இடத்தின் முகவரி) நம்பியிருப்பதால். டப்பாவின் ஐ.டி. (தனி அடையாளப் பெயர்) வைத்துப் பிடியுங்கள். குறிவைக்க வேண்டிய பதவி பிசினஸ் அனலிஸ்ட்.

கேள்வி: மகன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டான். மலையை விட்டு இறங்க மனசில்லை. வீட்டிலிருந்தே நிலையான வேலை கிடைக்குமா?
*– ஒரு காபித் தோட்டக்காரர், நாகலூர், ஏற்காடு*

கிடைக்கும், முதல் இரண்டு வருடம் கழித்து. புதிதாகச் சேர்ந்தவன் பக்கத்து நாற்காலியைப் பார்த்துத்தான் தொழில் கற்கிறான். கருப்பூர் டைடல் நியோவோ ஜாகீர் அம்மாபாளையத்து எல்காட் பூங்காவோ, இருபது கொண்டை ஊசியும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மேலேயிருந்து பார்க்கத் தோதான வேலை லினக்ஸ் சர்வர் நிர்வாகம். ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வில் அப்ஜெக்டிவ் கேள்வியே கிடையாது. முழுக்கச் செய்முறை, 300-க்கு 210 வேண்டும், சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். கோட்டை விடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, ரீபூட் ஆனபின் நிற்கும்படி செய்யாமல் விடுவது. சர்வீஸை ஸ்டார்ட் செய்வார்கள், எனேபிள் செய்ய மாட்டார்கள். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஓர் எழுத்துப் பிழை விழுந்தால் மெஷின் பூட்டே ஆகாது.

வீட்டுக்கு இரண்டு இணைப்பு, வேறு வேறு கம்பெனியாக, ஒன்று ஃபைபர், ஒன்று மொபைல். இரண்டும் ஒரே கம்பத்தை நம்பியிருந்தால் பயனில்லை. லேப்டாப், ரூட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் சேர்ந்து சுமார் 85 வாட். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒன்றும் இன்வெர்ட்டரும் இருந்தால், பேட்டரியை முழுக்கக் காலியாக்காமல் பத்து மணி நேரம் தாராளமாக வரும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இடித்தால் அடாப்டரை பிளக்கிலிருந்தே உருவிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, கரண்ட் ஒயர் கடத்தும்.

கேள்வி: ஆறு மாத சைபர் செக்யூரிட்டி கோர்ஸ், நூறு சதவீதம் வேலை என்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
*– ஒரு வாசகர், ஆத்தூர்*

கூடாது. நகலில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஒரிஜினல் இல்லாமல் முடியாது என்றால் வெளியே வந்துவிடுங்கள். முதலில் சி.சி.என்.ஏ. (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்) அளவுக்கு நெட்வொர்க் படியுங்கள். எந்தப் பாக்கெட் எந்த வழியில் போகிறது என்று தெரியாதவரிடம் எவரும் ஃபயர்வாலை ஒப்படைக்க மாட்டார்கள்.