ரயில் ஏன் நிற்கிறது என்று யார் சொல்வது?

அன்புள்ள அக்கா,

கல்முனையிலிருந்து எழுதுகிறேன். வாவியைப் பற்றியும் எங்கள் பக்கத்துச் சந்தைகளைப் பற்றியும் நீங்கள் எழுதியதையெல்லாம் வாசித்திருக்கிறேன். ரயிலைப் பற்றி எழுதியதாகத் தெரியவில்லை. அதுதான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு மகரகமையில் கிளினிக். மாதாமாதம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் தண்டவாளமே இல்லை என்பதால் பின்னேரம் கல்முனையில் பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து இரவு ரயில். விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் இறங்கி மகரகமைக்கு 138 பஸ். அன்றிரவே திரும்பவும் ரயில். கொழும்பு பஸ்ஸில் போனால் நேரம் மிச்சம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் குந்தியிருக்க ஏலாது. காலை நீட்ட வேண்டும், அடிக்கடி டொய்லட் போக வேண்டும்.

ரயில் பிந்துவது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருக்கிறது. நடுக்காட்டில் நின்றுவிடும். ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை. போன முறை ஒரு சின்ன ஸ்டேசனில் நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், சிங்களத்தில் மட்டும். பெட்டியில் பாதிப்பேர் எழும்பி இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். மற்றப் பாதிப்பேர் அவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். “என்னகா சொல்றாங்க? மறுகா எப்ப வெளிக்கிடுமாம்?” என்று அம்மா கேட்டா. எனக்கு என்ன தெரியும்? எதிர்ச் சீட்டில் இருந்த ஒரு சிங்கள அம்மாதான் தெரிந்த தமிழில், எதிர்ப்பக்க ரயில் வரவேண்டும், ஒரு மணித்தியாலம் செல்லும் என்றார். அம்மாவின் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடலாம். சாப்பாட்டை இப்போது பிரிப்பதா, பிறகா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் கேட்க நினைப்பவை: ஏன் இன்னும் ஒற்றைப் பாதை? யானைகளுக்காக மனிசர் எவ்வளவு காலம் ஊர்ந்து போவது? பேசாமல் பஸ்ஸுக்கே பழகிக்கொள்வதா? பொத்துவில் வரை ரயில் வரும் என்கிறார்களே, அதை நம்பலாமா?

அன்புடன்,
கல்முனை வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவுக்குச் சுகம் கிடைக்க வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதலாம். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் நீங்கள் சொல்லிவிட்டுப் போன ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. பெட்டியில் பாதிப்பேர் இறங்கிப் போனார்கள், மற்றப் பாதிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ரயில், ஒரே டிக்கெட் காசு. நம்முடைய ரயிலின் முதல் குறை அதுதான் என்பது என் எண்ணம். வேகம், பெட்டி, புதுத் தண்டவாளம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒற்றைப் பாதையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குறையின் வேர் அங்கேதான் இருக்கிறது. மாகோ சந்தியில் வடக்குப் பாதையிலிருந்து பிரிந்து, ஹபரணை, கல்லோயா, பொலன்னறுவை, வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வருகிற நம்முடைய பாதை ஏறத்தாழ 212 கிலோமீற்றர். 1928இல் மட்டக்களப்பை வந்தடைந்தது. அன்றும் ஒரே சோடித் தண்டவாளம், இன்றும் அதே. எதிரும் புதிருமாக வரும் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமென்றால் ஏதாவதொரு நிலையத்தில் ஒன்று ஒதுங்கி நின்று மற்றதுக்கு வழிவிட வேண்டும். கொழும்பிலிருந்து வரும் வண்டி கல்லோயாவில் அரை மணித்தியாலம் பிந்தினால், அதற்கு வழிவிட வேண்டிய உங்கள் வண்டி புணானையிலோ வெலிக்கந்தையிலோ காத்திருக்கும். நீங்கள் ஏறிய வண்டி நேரத்துக்கே வெளிக்கிட்டிருந்தாலும் இதுதான் கதி.

அடுத்த முறை பகல் ரயிலில் போகக் கிடைத்தால் யன்னலோரம் இருந்து ஒன்றைக் கவனியுங்கள். சின்ன நிலையம் ஒன்றுக்குள் ரயில் மெதுவாக நுழையும்போது நிலைய அதிபரோ அவருடைய ஆளோ மேடையோரம் பெரிய வளையம் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். வளையத்தின் அடியில் ஒரு தோற்பை. எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு, தன்னிடமிருக்கும் வளையத்தைக் கொடுத்துவிட்டு, அந்த வளையத்துக்குள் முழங்கையை விட்டு வாங்கிக்கொள்ளும். தோற்பைக்குள் இருப்பது உலோகத் தட்டு ஒன்று. டெப்லட் என்பார்கள். அது கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அடுத்த நிலையத்தை நோக்கி வண்டியை நகர்த்த முடியாது. அந்தத் தட்டை நிலைய அதிபர் நினைத்த நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்துவிடவும் முடியாது. அடுத்த நிலையத்தோடு பேசி, அங்கே இருப்பவர் பாதை காலி என்று சம்மதித்து, இரண்டு பக்கக் கருவிகளும் பொருந்தினால்தான் ஒன்று வெளியே வரும். இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு தட்டு, அதனால் ஒரு ரயில். பழைய முறைதான், ஆனாலும் இத்தனை காலமும் எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய முறை. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இப்போது உங்கள் இரவை நினைத்துப் பாருங்கள். நீங்கள் நின்ற அந்த ஸ்டேசனில், உங்கள் பெட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு எதிர் வண்டி எங்கே நிற்கிறது, வந்துசேர எவ்வளவு செல்லும் என்பது தெரியும். தெரியாமல் அந்த முறை ஓடவே ஓடாது. அவர் அதை அறிவிக்கவும் செய்தார். ஆக, தகவல் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, வாய் இருந்தது. உங்களுக்கு விளங்கும் மொழியில் ஒரு வசனம்தான் இல்லாமல் போனது. இரட்டைப் பாதை போடக் கோடிகோடியாய்க் காசு வேண்டும், அந்த ஒரு வசனத்துக்கு என்ன செலவு?

இருட்டில் காரணம் தெரியாமல் நிற்கும் ரயிலுக்குள் இருப்பது நம் ஊர்க்காரருக்குச் சின்ன விசயமில்லை. போர்க்காலத்தில் இந்தப் பாதையில் ரயில் வருசக்கணக்காய் மட்டக்களப்புக்கு வராமலே இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் வண்டி நடுவழியில் நின்றால் ஒவ்வொருவர் மனதிலும் என்னென்ன ஓடும் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். உங்கள் அம்மாவின் வயதில் உள்ளவர்கள் “ஏன் நிக்குது?” என்று கேட்கும்போது அந்தக் குரலில் நேரத்தைப் பற்றிய கவலை மட்டுமா இருக்கிறது? பதில் சொல்ல ஆள் இருந்தால் அந்தப் பயம் ஒரு நிமிசத்தில் இறங்கிவிடும்.

யானை விசயத்தில் நான் உங்களோடு உடன்பட மாட்டேன், தங்கை. நோயாளித் தாயோடு போகிறவருக்கு அந்த ஊர்தல் எவ்வளவு கஷ்டம் என்று விளங்குகிறது. ஆனால் அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்புப் பாதையின் இரவு ரயில் ஹபரணைப் பக்கம் யானைக் கூட்டமொன்றில் மோதியதில் ஆறு யானைகள் செத்தன, பெட்டிகள் தடம் புரண்டன. அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2024 ஒக்டோபரில், மட்டக்களப்புக்கு எண்ணெய் ஏற்றிவந்த ரயில் மின்னேரியாப் பக்கம் மோதி இரண்டு யானைகள் செத்தன, எண்ணெய் டாங்கிகள் கவிழ்ந்தன. பெப்ரவரி விபத்தில் பயணிகள் தப்பியது பெரிய புண்ணியம். பாரமேற்றிய ரயில் பிரேக் போட்ட இடத்தில் நிற்கும் சாமான் இல்லை. வளைவில் திரும்பியதும் வெளிச்சத்தில் யானை தெரிகிறதென்றால், வேகமாய் வந்த வண்டிக்கு அப்போது நேரம் போய்விட்டது. மின்னேரியாக் குளம் வற்றும் ஜூலை, ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் புல்லைத் தேடி அங்கே கூடுகின்றன. அந்த வழித்தடங்களைக் குறுக்கறுத்துக்கொண்டுதான் நம்முடைய தண்டவாளம் போகிறது. குட்டியைச் சுற்றி நிற்கும் கூட்டம் ரயில் வருகிறதென்று விலகாது, குட்டிக்கு முன்னால் வந்து நிற்கும். அந்த உயிர்களுக்காக நான் எத்தனை மணித்தியாலமும் காத்திருப்பேன். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் இதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். “யானை நடமாடும் இடம், மெதுவாகப் போகிறோம்” என்று யாராவது ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியில் ஒருவர்கூட முணுமுணுத்திருக்க மாட்டார்.

பஸ்ஸுக்குப் பழகிக்கொள்வதா என்று கேட்டீர்கள். வேண்டாம். ரயிலில் ஒரு நோயாளி எழுந்து நடக்கலாம், இடம் கிடைத்தால் சரிந்து படுக்கலாம், டொய்லட்டுக்குப் போக யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. வீதிகள் நல்லாகிவிட்டன என்பது உண்மை. மன்னம்பிட்டியில் ஒரே பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் மாறிமாறிப் போன காலம் 2007இல் முடிந்தது. ஓட்டமாவடியிலும் இப்போது வீதிக்கு வேறு பாலம். அதனால் பஸ் முந்திக்கொண்டது. பஸ் முந்தியதைக் காட்டி ரயிலைக் கைவிட்டால் கஷ்டப்படப்போவது முதுசுகள், நோயாளிகள், கைக்குழந்தைக்காரர், பஸ்ஸுக்கு அதிகக் காசு கொடுக்க வசதி இல்லாதவர்கள். வடக்குப் பாதையைப் பாருங்கள். போருக்குப் பிறகு இந்தியக் கடனுதவியில் புதிதாய்ப் போட்டு, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியது. அந்த மக்கள் ரயிலைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பொத்துவில் பாதை வரட்டும். வந்தால் கல்முனையும் அக்கரைப்பற்றும் பயனடையும், எனக்கும் சந்தோசம். ஆனால் அதற்காகக் காத்திருந்து இன்று செய்யக்கூடியதை விட்டுவிட வேண்டாம். விடியற்புறம் மட்டக்களப்பு ஸ்டேசனில் வந்திறங்கும் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆட்களுக்கு ஸ்டேசன் வாசலிலிருந்தே ஒரு பஸ், ரயில் பிந்தினால் தானும் நின்று ஏற்றிப்போகிற பஸ், தண்டவாளம் இல்லாமலே உங்கள் ஊரை ரயிலோடு சேர்த்துவிடும். ரயில் எங்கே வருகிறது என்று பஸ்காரருக்கு ஒரு அழைப்பில் சொன்னால் போதும். பாருங்கள், இங்கேயும் தகவல்தான் தேவை.

சரி, நாம் என்ன செய்யலாம்? நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த வருசத்து 16ஆவது திருத்தம் இன்னும் விளக்கமாகவே பேசுகிறது. நிருவாகம் சிங்களத்தில் நடக்கும் பகுதியில் நின்றாலும், அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையில் இருக்கிறது. பொலன்னறுவையில் நின்றாலும் மாகோவில் நின்றாலும் நீங்கள் தமிழில் கேட்பது யாரும் இரங்கித் தரும் சலுகை இல்லை. இது நடக்கவில்லை என்றால் முறையிட 1991ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். திகதி, நிலையம், நேரம், என்ன அறிவித்தார்கள், எந்த மொழியில், எவ்வளவு நேரம் நின்றது, இவ்வளவும் போதும். “எப்போதும் இப்படித்தான்” என்று எழுதினால் பதில் வராது. “இந்த இரவு, இந்த நிலையத்தில்” என்று எழுதினால் யாராவது ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைவசம் இருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் இந்த இரவு ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை நிமிசம் பிந்தியது, காரணம் என்ன என்று கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் அறிவிக்க வேண்டும். எது யானையால், எது எஞ்சின் கோளாறால், எது எதிர் வண்டிக்கு வழிவிடக் காத்திருந்ததால் என்று பிரித்துத் தெரிந்தால், அடுத்ததாக எதைக் கேட்பது என்பதும் தெளிவாகும்.

எதிர்ச் சீட்டுச் சிங்கள அம்மாவைத் திரும்பச் சந்தித்தால் என்னுடைய நன்றியையும் சொல்லுங்கள். அவர் செய்ததைச் சம்பளம் வாங்குபவர் ஒருவர் செய்ய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. முறைப்பாட்டை எழுதி முடித்ததும் ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள். இந்தப் பாதையில் போய்வரும் மற்ற வாசகர்களும், ஏறாவூர், வாழைச்சேனை, காத்தான்குடி, அக்கரைப்பற்று எங்கிருந்தாலும், தங்கள் இரவுகளைத் திகதியோடு எழுதி அனுப்பினால் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாகக் கொடுக்கலாம். சேர்க்கிற வேலையை நான் செய்கிறேன்.

அம்மாவின் அடுத்த கிளினிக் எப்போது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா