இரவில் அடங்காத சாப்பாடு: டயட்டா, டாக்டரா?

கேள்வி: வயது 29. மனச்சோர்வுக்குச் சில மாதங்களாக மாத்திரை எடுக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள், எல்லோரும் தூங்கிய பிறகு, மிச்சச் சோறு, பிரெட், மிக்சர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறேன். நிறுத்த முடிவதில்லை. அப்புறம் அழுகை, மறுநாள் பட்டினி. எடை ஏறிவிட்டது. "வாயைக் கட்டு" என்கிறார் அம்மா. டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டயட் இருந்து பார்க்கட்டுமா?

பதில்: டயட் இப்போது வேண்டாம். டாக்டரிடம் சொல்வதுதான் முதல் வேலை. வாய் வரவில்லை என்றால் எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் சொல்வது பிஞ்ச் ஈட்டிங், அதாவது கட்டுப்பாடு இழந்து அளவுமீறிச் சாப்பிடுவது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-லேயே இதை விவரித்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் 2013 முதல் இது தனி நோய். வாரம் ஒரு முறையாவது வீதம் மூன்று மாதம் நீடித்தால் நோயாகக் கருதுவோம். எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதோடு, நிறுத்த முடியாமல் போனதா என்பதையும் கேட்போம். அந்த இடத்தில் "வாயைக் கட்டு" என்பது பயன்படாது, வெட்கத்தைத்தான் கூட்டும். அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள்.

மனச்சோர்வு இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் அடிக்கடி வருகிறது, இந்தப் பழக்கம் இருப்பவர்களுக்கு மனச்சோர்வும் வருகிறது. சாப்பிடும் சில நிமிடங்கள் மனவலி மரத்துப்போகும். பிறகு குற்றவுணர்வு வந்து மனதை இன்னும் கீழே தள்ளும். அதற்குப் பரிகாரமாக நீங்கள் கிடக்கும் பட்டினிதான் அடுத்த ராத்திரிக்கு அடி போடுகிறது. பகலெல்லாம் காய்ந்த உடம்பு இரவில் கேட்கத்தான் செய்யும்.

டாக்டருக்கு ஏன் தெரிய வேண்டும் என்றால், மருந்தே மாற வேண்டியிருக்கலாம். மிர்டாசபின், ஒலான்சபின், குவெட்டியபின் போன்ற மனநல மருந்துகள் பசியைக் கூட்டும். சாப்பாடு கட்டுமீறியது மாத்திரைக்கு முன்பா, பிறகா என்று யோசித்து வையுங்கள். மறுநாள் பட்டினி, வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது இவற்றில் ஏதாவது ஒன்று வழக்கமாகிவிட்டால் அது புலிமியா என்ற இன்னொரு உணவுக் கோளாறாக இருக்கலாம். புலிமியா உள்ளவர்களுக்கு புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மாத்திரையைத் தரக்கூடாது, வலிப்பு வரும் ஆபத்து அதிகம். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தூக்கம் மிகக் குறைந்தும் களைப்பே இல்லாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல், தலையில் யோசனைகள் ஓடிக்கொண்டே இருந்த நாட்கள் எப்போதாவது சேர்ந்தாற்போல வந்ததுண்டா? அது, மனம் சில காலம் சோர்ந்தும் சில காலம் அளவுமீறிப் பொங்கியும் மாறும் பைபோலார் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். பைபோலார் உள்ளவர்களிடமும் பிஞ்ச் ஈட்டிங் மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் மறுகோடிக்குத் தாவிவிடலாம். நன்றாக இருந்த நாட்களை யாரும் நோயாகச் சொல்வதில்லை, அதனால்தான் இது அடிக்கடி தவறிப்போகிறது.

வீட்டில் இன்றே தொடங்கக் கூடியது, வேளைக்குச் சாப்பிடுவது. மூன்று வேளை உணவு, நடுவில் ஒன்றிரண்டு முறை சுண்டலோ பழமோ. மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாதீர்கள். முதல்நாள் இரவு என்ன நடந்திருந்தாலும் காலையில் இட்லி சாப்பிட்டே ஆக வேண்டும். பலருக்கு இதுதான் மிகவும் கஷ்டம், ஏனென்றால் தண்டனை இல்லாமல் விடக் கூடாது என்று மனம் அடம்பிடிக்கும். ஒரு நோட்டில் நேரம், சாப்பிட்டது, அதற்குமுன் என்ன நடந்தது என்று குறியுங்கள். கலோரி எழுத வேண்டாம். இந்த நோட்டை வைத்தே, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தொடங்கலாம், இந்த நோய்க்கு நன்கு பலன் தரும் சிகிச்சை அது. தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

எடையைப் பிறகு பார்க்கலாம், இரவுச் சாப்பாடு அடங்கி மனமும் நிலைப்பட்ட பிறகு.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். 14416, மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். உடனடி ஆபத்து என்றால் வீட்டில் ஒருவரை எழுப்பி, அருகிலுள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.